வட்டம் விழுந்த கண்கள்

மணியம்மை வீட்டு விட்டத்தில் ஒரு காவடி தொங்குகிறது. பூவும் மயிலிறகும் இல்லாத வெறும் தண்டு. பலர் தோளில் ஏறி இறங்கியதில் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. இரண்டு முனைகளிலும் கொத்தாகச் சிறு மணிகள். ஓட்டு இடுக்கில் காற்று புகுந்தால் அவை குலுங்கும். நான் முதல் முறை அங்கே போயிருந்தபோதும் குலுங்கின. சோறு வடித்துக்கொண்டிருந்த மணியம்மை தலையைத் திருப்பாமல், "வந்துட்டியா குமரேசா" என்றாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"என் புள்ள" என்றாள். "செத்து மூணு வருசம் ஆவுது. காத்து அடிச்சா வருவான்."

சொல்லிவிட்டு, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு என்னிடம் நீட்டினாள். "குடிப்பியா பாப்பா? உங்க வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

என் அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர். எங்கள் வீட்டில் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். குடித்தேன்.

மணியம்மை மலையடிவாரத்தில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறாள். விடிந்ததும் எங்கள் தெருவுக்கு உதிரிப்பூ கொண்டுவந்து போட்டுவிட்டுக் கடைக்குப் போவாள். கேட்டுக்கு வெளியே நின்று, "ஸ்னேகா பாப்பா, பூவு" என்று ஒரு குரல் கொடுப்பாள். பல வருடங்கள் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் திருத்தணிக்குத் திரும்பியிருந்த நேரம். வீட்டில் உட்கார்ந்தால் கால் பரபரத்தது. அவள் பின்னால் கடைக்கு நடக்க ஆரம்பித்தேன். அவள் நடை விசித்திரமாக இருக்கும். குதிகால் நரம்பு இரண்டு பக்கமும் கயிறு முறுக்கியதுபோலத் தடித்திருக்கும். செருப்பின் வார் அதில் உரசுவதால் வெறுங்காலோடுதான் நடப்பாள்.

அந்தக் குதிகால்தான் அவள் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை.

அவள் பிறந்தது ஆர்.கே.பேட்டை பக்கம், தறி ஓடும் ஒரு தெருவில். வயது வந்ததும் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையனுக்கு ரோட்டோரம் சொந்தமாக டீக்கடை. மணியம்மை தண்ணீர்ச் சொம்போடு கூடத்தில் நடந்து வந்ததும் பையனின் அம்மா அவள் காலையே பார்த்தாளாம். "பொண்ணுக்குக் குதிகால்ல இன்னா கட்டி?" என்றாளாம். அவ்வளவுதான். மிக்சர் தட்டு அப்படியே இருக்க எழுந்து போய்விட்டார்கள்.

"நம்ம வூட்டுப் பொண்ணு, நம்ம வூட்லயே இருந்துட்டு போட்டும்" என்று அவளுடைய அம்மாவின் அண்ணன் ஆதிகேசவன் முடிவு சொன்னார். தன் கடைசித் தம்பி கந்தனுக்கே அவளைக் கட்டிவைத்தார். தாய்மாமனைக் கட்டுவது அந்தப் பக்கத்தில் புதிதில்லை. கந்தனுக்கும் முழங்கை ஓரம், விரல் முட்டிகளில் அதே மாதிரித் தடிப்பு இருந்தது. அதனால் அவன் அவள் காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அதுக்காவே அவர எனக்குப் புடிச்சிது" என்று மணியம்மை சொல்வாள்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம். ஆடிக் கிருத்திகைக்கு வீட்டிலிருந்து ஒருவர், விட்டத்தில் தொங்கும் அந்தத் தண்டில் பூச்சுற்றிப் படி வழியாக மலை ஏற வேண்டும். யார் என்பதை வீட்டார் பேசி முடிவு செய்வதில்லை. கருவிழி ஓரத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் யாருக்கு விழுகிறதோ அவர்தான் எடுக்க வேண்டும். வட்டம் விழுந்த கண்ணுக்கு இறந்தவர்கள் தெரிவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னால் காவடி எடுத்தவர்கள் எல்லாரும் படி வளையும் ஒரு திருப்பத்தில் காத்திருப்பார்கள். அங்கிருந்து மேலே, வட்டம் விழுந்தவனுக்குத் தோள் கொடுப்பார்கள். ஒரு வருடம் யாரும் எடுக்காவிட்டால் அவர்கள் அந்தத் திருப்பத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கந்தனின் அப்பா எடுத்தார். நாற்பதைத் தாண்டியதும் ஏர் பிடித்தவர் அப்படியே சாய்ந்தார். கந்தன் எடுத்தான். ஒரு தை மாதம் கரும்பு வெட்டப் போன இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இருவருமே மலையில் சாகவில்லை. ஆனால் வீட்டார் பேச்சில் எல்லாரும் மலைக்குப் போனவர்கள்தான்.

உண்மையில் படியில் இறந்தது குமரேசன் ஒருவன்தான்.

நடை பழகும்போதே அவன் முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் வந்துவிட்டன. அவித்த முட்டையின் கருவைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்றாள் மணியம்மை. மரு என்று சுண்ணாம்பு வைத்தார்கள். குதிரை மயிரைக் கட்டினார்கள். கட்டி கரைய வேண்டும் என்று குளத்தில் வெல்லம் கரைத்தார்கள். ஒரு டாக்டர் களிம்பு கொடுத்தார். ஓடினால் நெஞ்சு இறுக்குகிறது என்று பையன் சொன்னபோது இன்னொருவர் வாய்வு என்று மாத்திரை கொடுத்தார். ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதின்மூன்று வயதில் அவன் கண்ணில் வட்டம் விழுந்தது. பதினாறில், பூக்காவடியோடு அந்தத் திருப்பத்தில் சரிந்தான். கூட்டம் சாமி வந்துவிட்டது என்று நினைத்து அரோகரா போட்டதாம். மணியம்மை அதைச் சொல்லும்போது பூக்கட்டும் கை நிற்காது.

"கண்ணு தொறந்துதான் கெடந்துது பாப்பா. திருப்பத்தையே பாத்துகினு. அவங்கப்பன பாத்துட்டான்னு நெனச்சேன். அதுல ஒரு ஆறுதல்."

அதற்குப் பிறகு அவள் படியில் கால் வைக்கவில்லை. மேலே போக வேண்டியிருந்தால் வண்டி போகும் ரோட்டு வழியாகத்தான் போவாள். அடுத்து வந்த வருடங்களில் வட்டம் விழுந்தவர் யாரும் இல்லாததால் காவடி விட்டத்திலேயே இருந்தது. தன் மகன் இன்னும் அங்கேயே நிற்கிறான் என்று அவள் நம்பினாள். அதனால்தான் காற்று அடிக்கும்போது இறங்கி வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

இந்த வருடம் சித்திரை தொடக்கத்தில், பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. மணியம்மையின் மகள் உதயாவுக்கு வயது பதின்மூன்று; அண்ணனைப் போலவே அவள் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் உண்டு. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று போய் உட்கார்ந்திருக்கிறாள். சோதித்த பெண் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை. டார்ச்சை மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டு, "இந்த வட்டம் கிழவங்க கண்ணுல வர்றது. இந்த வயசுல வரக் கூடாது. உடனே ரத்தக் கொழுப்புப் பாக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

டீச்சர் பூக்கடைக்கே வந்து சொன்னார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி ஆதிகேசவனுக்குப் போய்விட்டது.

அவர் மணியம்மை வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அறுபதைக் கடந்தவர். வெள்ளை மீசை, கழுத்தில் உருத்திராட்சம், நிமிர்ந்த உடம்பு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உதயாவைக் கூப்பிட்டார்.

"வெளிச்சத்துல வந்து நில்லு கண்ணு."

அவள் நின்றாள். தாடையைப் பிடித்து நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். உதயா பதறிப் பின்வாங்கினாள்.

"இன்னா பெரிப்பா இது."

"நீதாம்மா இந்த வருசம்."

"எனக்கு மாடிப்படி ஏறுனாலே நெஞ்ச இறுக்குது பெரிப்பா. பி.டி. பீரியடுக்குக் கூட நான் வுடு ஜூட்டு."

"திருப்பம் வரைக்கும்தான் உன் பாரம். அப்பால நைனா வந்து தோள் குடுப்பான். அண்ணன் குடுப்பான்."

"அண்ணனுக்கு யாரு குடுத்தாங்க?" என்றாள் உதயா.

 பெரியவர் கோபப்படவில்லை. விட்டத்தில் தொங்கிய காவடியை நிமிர்ந்து பார்த்தார். போகும்போது என்னிடம், பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதாலோ என்னவோ, "எனக்கு வரவே இல்ல பாப்பா" என்றார். "சின்ன வயசுலருந்து கண்ணாடில பாத்துகினே கீறேன். என் தம்பிக்கு வந்துது. எங்கப்பன் என்ன மட்டும் திரும்பிக்கூடப் பாக்கல."

வைகாசியில் நாங்கள் மூவரும் சென்னைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்குப் பழக்கமான வேலை; அதனால் கூடப் போனேன். ரத்தம் கொடுத்து, இன்னொரு நாள் போய் முடிவு வாங்கி, மறுபடி இதயத்தைப் படம் எடுத்து, கடைசியில் டாக்டர் பத்மப்ரியாவின் அறைக்கு வந்து சேர்ந்தபோது ஆனி பிறந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மணியம்மைக்கு ஒரு நாள் கூலி போனது. பள்ளி திறந்த பிறகு உதயாவுக்கும் ஒரு நாள் பள்ளிக்கூடம் போனது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

டாக்டர் இளையவர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பிள்ளையோட ரத்தத்துல கொழுப்பு ரொம்ப அதிகம். மத்தவங்களவிட நாலஞ்சு மடங்கு."

மணியம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு ஏதும்மா கொழுப்பு? கூழு குடிக்கிற கும்பலு. கறி எடுத்து மாசக்கணக்கா ஆவுது."

"சாப்பாட்டால வந்தது இல்லம்மா இது. பிறவியிலேயே வந்தது. ரத்தத்துல ஓடுற கொழுப்ப ஈரல் உள்ள இழுத்துக்கணும். அதுக்குக் கதவு மாதிரி இருக்கு. இவளுக்குக் கதவு எதுவும் திறக்கல. உள்ள போகாத கொழுப்பெல்லாம் தோலுக்கடியில, கண்ணுல, இதயக் குழாய்ல படியுது. வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

மணியம்மை சொன்னாள். மாமனார், கணவன், மகன். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து வந்து மணியம்மையின் மேல் இமையை விரலால் தூக்கினார்.

"கீழ பாருங்கம்மா."

நான் குனிந்து பார்த்தேன். இமைக்குள் மறைந்த பகுதியில், கருவிழியின் மேல் ஓரத்தில், பிறை போல ஒரு வெள்ளை வளைவு. இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஆம்பளைகளின் கண்ணைப் பார்த்த வீட்டில் ஒரு பெண்ணின் இமையை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கும் இருந்திருக்கு. ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்தா பாதிக் கதவு வேலை செய்யும். ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்ததுதான் பிள்ளைங்களுக்கு இவ்வளவு கடுமையா ஆயிடுச்சு."

"அப்ப குமரேசனுக்கு நான் குடுத்தனா?"

"நீங்க பாதி. அவர் பாதி. தெரிஞ்சு யாரும் குடுக்கல."

மணியம்மை இமையைத் தேய்த்துக்கொண்டாள். அழவில்லை. "இவளுக்கு இன்னா பண்ணணும், அத்த சொல்லுங்க" என்றாள்.

மாத்திரைகள் தினமும். அது மட்டும் போதாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இங்கே வந்து, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுக் கொழுப்பு கலந்த நீரைப் பிரித்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்யும் இயந்திரம் அந்த வார்டில் ஒன்றுதான். முறை வைத்துத்தான் கிடைக்கும். இதய வால்வு இப்போதே கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஓடக் கூடாது, உயரம் ஏறக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது. மணியம்மையும் மாத்திரை போட வேண்டும்.

முதல் முறைக்கான நாளை டாக்டர் சொன்னார். மணியம்மை என்னைப் பார்த்தாள். ஆடிக் கிருத்திகை.

"வேற நாளு ஆவாதுங்களா?"

"விட்டா எப்ப கிடைக்கும்னு எனக்கே தெரியாதும்மா. இவளுக்குக் காத்திருக்க நேரம் இல்ல."

வெளியே வந்து மருந்துக்கு வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு முதியவர். சக்கர நாற்காலியில் இருந்த மனைவிக்காக வந்தவர், தெம்பாக இருந்தார். மணியம்மை அவர் முகத்தை உற்றுப் பார்ப்பதைக் கவனித்தேன். திடீரென்று வரிசையை விட்டுவிட்டு டாக்டர் அறைக்குத் திரும்பி ஓடினாள். நானும் போனேன்.

"அங்க ஒரு பெரியவரு கண்ணுலயும் வட்டம் கீதும்மா."

டாக்டர் எட்டிப் பார்த்தார். "வயசானா நிறையப் பேருக்கு வர்றதுதான். நரை மாதிரி. அது ஒண்ணும் பண்ணாது. சின்ன வயசுல வந்தாதான் பயம்."

 ரயிலில் உதயா என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். மணவூர் தாண்டியதும், மணியம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "எங்க பெரிய மாமாவுக்கு இன்னா வயசு இருக்கும் பாப்பா? அறுவத்தஞ்சு?"

அன்று அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குப் பாதிதான் புரிந்தது. பெண்ணைக் காப்பாற்ற வழி தேடுகிறாள் என்று மட்டும் நினைத்தேன். பின்னால் பூக்கடையில் அவளே சொன்னாள். "இவள அனுப்ப மாட்டேன், அது நிச்சயம். ஆனா எவனும் எடுக்காம வுட்டா அவன் அங்கயே நிப்பானே. மூணு வருசமா நிக்கிறான். வெயில்ல."

ஆதிகேசவனைக் கடைக்கு வரச் சொன்னாள். காலை வெயில் நன்றாக விழும் இடத்தில் பூக்கூடையைக் கவிழ்த்து உட்காரவைத்தாள்.

"பாப்பா, உன் போன்ல மாமா கண்ண ஒரு போட்டோ புடி. கிட்டக்க."

பிடித்தேன். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பழுப்புக் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் ஒரு வளையம், கிட்டத்தட்ட முழுசாக. கண்ணாடியை எட்டத்தில் வைத்துப் பார்க்கிற கிழவரின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கினார். நகர்த்தி, திருப்பி, மறுபடி பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இது என் கண்ணுதானா?"

"உங்க கண்ணுதான் மாமா" என்றாள் மணியம்மை.

"எப்ப வந்துது?"

"யாருக்குத் தெரியும். வந்துருக்குது."

அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பூ வாங்க வந்த ஒரு பெண் பயந்து நின்றாள். துண்டை எடுத்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நைனா பாத்துட்டாரு" என்றார். "அறுவது வருசம் கழிச்சிப் பாத்துட்டாரு."

"அப்ப இந்த வருசம் நீங்களே எடுத்துருங்க. புள்ள சின்னது. அதுக்கு இன்னும் நாளு கெடக்குது."

"நான்தான எடுக்கணும். அத்த நீ சொல்லணுமா?"

அவர் போன பிறகு மணியம்மை மல்லிகையை அளந்துகொண்டே, "நான் பொய் ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான்.

ஆடிக் கிருத்திகையன்று முதல் ரயிலுக்கு நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது ஊரே எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தது. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மஞ்சள் துணி, பூக்காவடி, பம்பை. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் மட்டும் ஊரைவிட்டுப் போனோம். யாரோ ஒரு கிழவி உதயாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். ரயில் பெட்டி காலியாக இருந்தது. மணியம்மை இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து உதயாவுக்கு ஊட்டினாள். கிருத்திகையன்று அந்த வீட்டில் யாரும் அந்த நேரத்தில் சாப்பிட்டதில்லை. உதயா ஒவ்வொரு வாய்க்கும் அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"தின்னு. நான் பாத்துக்கறேன்" என்றாள் மணியம்மை. யாரிடம் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லவில்லை.

வார்டில் உதயாவின் கழுத்தில் குழாய் வைத்தார்கள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஒரு குழாயில் ரத்தம் வெளியே போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு பை மெல்ல நிறைந்தது. அதில் சேர்ந்தது ரத்தம் இல்லை. உருக்கி ஆறவைத்த நெய் போல, கலங்கலான மஞ்சள்.

"உதடு குறுகுறுங்குது" என்றாள் உதயா. நர்ஸ் அது சகஜம் என்று சொல்லி ஊசியில் ஏதோ சேர்த்தார். உதயா தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பையைப் பார்த்தாள்.

"யம்மா. அண்ணனுக்குள்ள இதான் இருந்துச்சா?"

மணியம்மை எழுந்து பையின் அருகே போனாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

"சூடா கீது" என்றாள்.

"அதெல்லாம் தொடக் கூடாதும்மா" என்று நர்ஸ் அதட்டினார். மணியம்மை கையை எடுத்தாள். அந்தக் கையை அன்று முழுக்க வேறு எதன் மேலும் வைக்காமல் மடியில் மல்லாத்தியே வைத்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஊருக்குப் போன் போட்டோம். கடைக்காரர் எடுத்தார். பின்னால் பம்பைச் சத்தம். பெரியவர் ஏறி இறங்கிவிட்டார், நல்லபடியாக இருக்கிறார் என்றார். மணியம்மை முருகா என்று சொல்லி இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அந்தக் கிழவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பூ வரவில்லை. நான் மணியம்மை வீட்டுக்குப் போனேன். ஆதிகேசவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காவடியில் பூ வாடியிருந்தது. அதை விட்டத்தில் ஏற்றாமல் மடியில் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார். மணியம்மை எதிரே குந்தியிருந்தாள்.

"திருப்பத்துல நின்னேன் மணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஜனம் தள்ளுது. நகருய்யா பெருசுன்றான் ஒருத்தன். நான் நகரல. நைனான்னு கூப்பிட்டேன். கந்தான்னு கூப்பிட்டேன். பையன் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். வட்டம் விழுந்த கண்ண நல்லாத் தொறந்து பாத்தேன்."

"மேல சொல்லுங்க மாமா."

"இன்னாத்த சொல்றது. யாரும் இல்ல. படி இருந்துது, ஜனம் இருந்துது. ஒருத்தன் மோர் வித்துகினு இருந்தான். அவ்ளோதான். காவடி பாரம் கொறையவே இல்ல. உச்சி வரைக்கும் நானேதான் தூக்கினு போனேன்."



"அந்தப் போட்டோவக் காட்டு பாப்பா" என்றார் என்னிடம். காட்டினேன். வளையம் அப்படியே இருந்தது. அவர் அதையும் மணியம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இருக்குது. அவங்க ஏன் இல்ல? எனக்கு மட்டும் தெரியாம நின்னுகினு இருந்தாங்களா? இல்ல, எப்பவுமே அங்க யாரும் இல்லியா?"

அவளுக்குப் பதில் தெரியும். நரை மாதிரி, ஒன்றும் பண்ணாது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லலாம். சொன்னால், அவருக்கு மட்டும்தான் தெரியவில்லை, மற்றவர்களுக்குத் தோள் கிடைத்தது என்று ஆகும்; குமரேசன் இன்னும் அங்கே நிற்பான்; அடுத்த ஆடிக்கு உதயாவின் கண் இருக்கிறது. சொல்லாவிட்டால், அங்கே எப்போதும் யாரும் இருந்ததில்லை என்று ஆகும்; குமரேசனும் இல்லை. அவள் காவடி மணிகளை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவுமே இல்ல மாமா" என்றாள்.

கிழவர் தலையாட்டினார். காவடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே படுத்திருந்த உதயா, "யாரும்மா வந்துது?" என்று கேட்டாள். "பெரிப்பா" என்றாள் மணியம்மை. "போயிட்டாரு."

இப்போது ஐப்பசி. பதினைந்து நாளைக்கு ஒரு முறை தாயும் மகளும் தாங்களே போய் வருகிறார்கள். வரிசைகள் மணியம்மைக்குப் பழகிவிட்டன. இரண்டு தடவை இயந்திரம் பழுது என்று திரும்பி வந்தார்கள். ஒரு தடவை மழையில் ரயில் நின்றது. ஒரு வகை மாத்திரை இங்கே கிடைக்காமல் நான் அரக்கோணம் வரை போய் அலைந்தேன். உதயாவின் முழங்கைக் கட்டிகள் மெத்தென்று ஆகியிருக்கின்றன. அமுங்குகிறது பார் என்று எல்லாரிடமும் கையை நீட்டுகிறாள். கண் வட்டம் அப்படியேதான் இருக்கிறது. இதயம் எப்படிப் போகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இப்போதைக்கு மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறுகிறாள்.

ஆதிகேசவன் ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைக்குப் போகிறார் என்கிறார்கள். காவடி இல்லாமல். அந்தத் திருப்பத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பாராம். மணியம்மை எதிரில் வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறார்.

போன வாரம் மழை பிடிப்பதற்கு முன்னால் நான் அவள் வீட்டில் இருந்தேன். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஈரக்காற்று ஓட்டுக்குள் புகுந்தது. விட்டத்தில் மணிகள் குலுங்கின, வழக்கத்தைவிட நெடுநேரம். பழக்கத்தில் நான் அவள் வாயைப் பார்த்தேன். உதயாவும் பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

மணியம்மை மேலே பார்க்கவில்லை.

"காத்து" என்றாள்.

மணிகள் அடங்கும்வரை அவள் கையில் இருந்த மாத்திரை கையிலேயே இருந்தது.